அடுக்களையில் இழக்கும் ஆரோக்கியம்

சத்துள்ள ஆகாரம் என்றவுடன் விலையுயர்ந்த பதார்த்தங்களையும், டப்பாக்களில் அடைத்துப் பெரும் விளம்பரத்துடன் விற்கப்படும் மாவுகளையும் நினைத்துக்கொள்வது நம்மவர்களிடையே வழக்கமாகவே ஆகிவிட்டது. உண்மையில், சாதாரணக் குடும்பத்தின் அடுக்களைக்குள் அன்றாடம் வந்து சேரும் அரிசி, பருப்பு, கீரை, காய், மோர், முட்டை, மீன் ஆகியவற்றிலேயே தேகத்துக்கு வேண்டியதில் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. ஆனால் அவை இலைக்கு வந்து சேருமுன், ஆலையிலும், அரிசி களையும் பாத்திரத்திலும், அடுப்பின்மேலும், நம் கண்முன்னேயே அந்தச் சத்தில் கணிசமான பங்கு கழிந்துபோய்விடுகிறது. போனதைப் பிறகு மருந்துக்கடையில் மாத்திரையாக விலைகொடுத்து வாங்குகிறோம். இந்த நஷ்டத்தைக் குறைக்கும் உபாயங்களுக்குப் பணம் அநேகமாகத் தேவையில்லை, சிரத்தைதான் தேவை. அவற்றுள் அவசியமானவை என்று நான் கருதும் சிலவற்றை மட்டும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

அரிசியும் தவிடும்

அரிசியைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். நம் ஆகாரத்தின் அஸ்திவாரம் அதுதான். நெல்லின் உமியை நீக்கியபின் அரிசிமணியின்மேல் மெல்லிய தவிட்டுப் படலமும், அதன் ஒரு முனையில் முளைக்கருவும் எஞ்சுகின்றன. தயமின் என்று சொல்லப்படும் பி1 வைட்டமினும், நார்ச்சத்தும், தாதுக்களும் பெரும்பாலும் அவ்விரண்டிலுமே குடிகொண்டிருக்கின்றன. ஆலையில் தீட்டத் தீட்ட அரிசி வெளுத்துக்கொண்டே போகிறது; சத்தோ தவிட்டுடன் சேர்ந்து மாட்டுத் தொழுவத்துக்குப் போய்விடுகிறது.

இந்த உண்மை உலகத்துக்குத் தெரியவந்த விதமே ஒரு சுவாரசியமான சரித்திரம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், டச்சுக்காரர்களின் ஆளுகையிலிருந்த ஜாவாத் தீவில், கிறிஸ்டியான் எய்க்மன் என்ற மருத்துவர், கால்கள் மரத்து, நடை தள்ளாடி, இருதயமும் பலவீனமுற்று மனிதர்களை மாய்த்துவந்த பெரிபெரி என்னும் வியாதியின் காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய ஆய்வுகூடத்துக் கோழிகள் ஒரு சமயம் கால் விளங்காமல் விழத் தொடங்கி, சில மாதங்களுக்குப் பின் தாமாகவே குணமடைந்தன. விசாரித்தபோது, நோய் கண்ட காலத்தில் அவற்றுக்கு இராணுவ ஆஸ்பத்திரியின் சமையலறையிலிருந்து தீட்டிய அரிசிச் சோறு போடப்பட்டு வந்தது என்பதும், புதிதாக வந்த சமையற்காரர் அதைக் கொடுக்க மறுத்ததால் கோழிகள் தீட்டாத அரிசிக்குத் திரும்பின என்பதும் தெரியவந்தன. அந்தச் சிறிய விசாரணையின் வழியே வைட்டமின் என்னும் தத்துவத்துக்கு வாசல் திறந்தது. எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசும் கிடைத்தது.

நம் நாட்டிலோ, நீலகிரியின் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் தொடங்கிவைத்த ஊட்டச்சத்து ஆராய்ச்சியை அவருக்குப்பின் ஆய்க்ராய்ட் என்பவர் தலைமையேற்று நடத்திவந்தார். அக்காலச் சென்னை ராஜதானியில் பெரிபெரி முக்கியமாக ஆந்திரக் கரையோரத்து வடசர்க்கார் ஜில்லாக்களில், இயந்திரத்தில் தீட்டிய பச்சரிசியை உண்டவர்களிடையேதான் காணப்பட்டது. புழுங்கலரிசியை உண்டவர்களை அது அநேகமாக அண்டவில்லை. காரணம் எளிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள தயமின் நீரில் கரைந்து மணியின் உட்பகுதிக்குள் சென்று தங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. எந்த ஆய்வுகூடமும் தோன்றாத காலத்திலேயே நெல்லை அவித்து உலர்த்தும் வழக்கத்தைக் கைக்கொண்ட நம் முன்னோர், தம்மை அறியாமலே தம் சந்ததியாரைக் காத்திருக்கிறார்கள். குன்னூரிலிருந்த அந்த ஆராய்ச்சிக்கூடமே 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

ஆகவே, வெள்ளைவெளேரென்றிருப்பதே நல்ல அரிசி என்ற எண்ணத்தை விட்டுவிடுவது முதற்படி. அன்றாடச் சோற்றுக்குப் புழுங்கலரிசியையும், கிடைக்குமானால் அதிகம் தீட்டாத கைக்குத்தலரிசியையும் கொள்ளலாம். தயமின் நீரில் கரையும் இயல்புடையதாகையால், களைந்த நீர் பளிங்காகும்வரை நாலைந்து தடவை அலசித் தேய்க்காமல், தூசி போகும் அளவுக்கு இரண்டு முறை களைந்தால் போதும். அளவாக நீர் வைத்துப் பொங்குவது மேலானது. வடித்தே பழகியவர்கள் அந்தக் கஞ்சியைக் கொட்டிவிடாமல், மோரும் சிறிது உப்பும் கலந்து குடிக்கலாம், அல்லது இரசத்துக்கும் கூட்டுக்கும் பயன்படுத்தலாம்.

இவ்வளவும் சொன்னபின் ஓர் எச்சரிக்கையும் அவசியமாகிறது. எந்த அரிசியானாலும் அது அரிசிதான். மலையாகச் சோற்றைக் குவித்து, அதன் ஓரத்தில் ஒரு கரண்டிக் காயை வைத்துக்கொள்ளும் பழக்கம், உடலுழைப்புக் குறைந்துவிட்ட இக்காலத்தில், நீரிழிவுக்கு நாமே விடுக்கும் அழைப்பாகும். தட்டில் ஏறக்குறைய பாதி காய்கறியும் கீரையும் பழமுமாக இருக்க வேண்டும். மீதியிலேதான் சோறும் பருப்பும் இடம்பெற வேண்டும். நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும் உண்ணவேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. வாரத்தில் சில வேளை சோற்றுக்குப் பதிலாகக் கேழ்வரகுக் களியோ அடையோ அமையுமானால் இன்னும் விசேஷம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, இது அதே எடையுள்ள பாலில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம்.

உப்பு

வளர்ந்த மனிதர் ஒருவருக்கு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும். அதாவது, தேநீர்க் கரண்டியில் தலைதட்டி ஒரு கரண்டிக்கு மேல் வேண்டியதில்லை. அதற்கு மேற்பட்டது நாளடைவில் இரத்த அழுத்தத்தை உயர்த்தி, பக்கவாதத்துக்கும் இருதய நோய்க்கும் வழிகோலுகிறது. நம்மில் பலர், சாம்பாரில் உப்பைக் குறைத்துவிட்டதாகத் திருப்தியடைந்து, ஊறுகாயையும், அப்பளத்தையும், மோர் மிளகாயையும், கருவாட்டையும், பொட்டலத்தில் வரும் மிக்ஸரையும் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். இலையின் ஓரத்தில் உப்பு வைக்கும் சம்பிரதாயத்தையும், தயிர்ச்சோற்றில் மறுபடி ஒரு சிட்டிகை போட்டுக்கொள்ளும் வழக்கத்தையும் நிறுத்தினாலே கணிசமாகக் குறையும். நாக்கு ஒருநாளில் பழகாது; வாரத்துக்கு வாரம் சிறிது சிறிதாகக் குறைத்து, எலுமிச்சைச் சாறு, மிளகு, சீரகம், பெருங்காயம், கொத்தமல்லி இவற்றால் சுவையை நிரப்பினால், ஓரிரு மாதங்களில் பழைய அளவே கரிப்பாகத் தோன்றும்.

இந்துப்புக்கு மாறிவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறான அபிப்பிராயம். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடேயாகும். அத்துடன், அயோடின் சேர்க்காத உப்பையே முழுக்க நம்பியிருப்பது தைராய்டு சுரப்பிக்கும், முக்கியமாகக் கர்ப்பிணியின் வயிற்றிலிருக்கும் சிசுவின் மூளை வளர்ச்சிக்கும் நல்லதன்று. அயோடின் கலந்த உப்பை மூடியுள்ள ஜாடியில், அடுப்பின் வெப்பமும் ஈரமும் படாத இடத்தில் வைத்து, சமையல் முடியும் தறுவாயில் சேர்த்தால் அயோடின் வீணாவது குறையும்.

கீரையும் தேநீரும்

முருங்கைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, பொன்னாங்கண்ணி என்று கைக்கெட்டிய தூரத்தில் எத்தனையோ கீரைகள் விளையும் நாட்டில் இரத்தசோகை இவ்வளவு பரவியிருப்பது மனத்தை வருத்தும் விஷயம். இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றை இன்றே களையலாம். கீரையிலும் பருப்பிலும் தானியத்திலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் கிரகிப்பதில்லை; வைட்டமின் சி உடனிருந்தால் அதிகமாகக் கிரகிக்கும், தேநீர் காப்பியிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் சேர்ந்தால் குறைவாகக் கிரகிக்கும். காலைப் பலகாரம் முடிந்த கையோடு காப்பியைக் குடிப்பதும், மதியச் சாப்பாட்டின்மேல் தேநீர் அருந்துவதும், உண்ட இரும்பில் ஒரு பங்கைத் தள்ளிவிடுவதற்குச் சமானம். ஆகாரத்துக்கும் இந்தப் பானங்களுக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். ஆகாரத்தோடு ஒரு நெல்லிக்காய்த் துண்டோ, கொய்யாப்பழமோ, பருப்பில் பிழிந்த அரை எலுமிச்சையோ இருக்கட்டும். காயையும் கீரையையும் கழுவிய பிறகே நறுக்க வேண்டும். நறுக்கியபின் நீரில் ஊறப்போடுவதும், வேகவைத்த நீரை இறுத்துக் கொட்டுவதும் சத்தை இழப்பதேயாகும்.

எண்ணெய்

ஒருவருக்கு மாதத்துக்குச் சமையல் எண்ணெய் அரை லிட்டருக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்வது நல்ல அளவு. வடை சுட்டு மீந்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சுவதும், கருத்துப்போனதில் புது எண்ணெயை ஊற்றி நிரப்புவதும் அறவே கூடாது. இப்படிக் காய்ச்சும்போது கூடும் டிரான்ஸ் கொழுப்பு என்னும் கெடுதியான கொழுப்பு, நம் நாட்டில் எண்ணெய், கொழுப்பு வகைகளில் 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று 2022 முதல் சட்டமே வந்துவிட்டது. ஆனால் வீட்டுச் சட்டியைக் கண்காணிக்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. நிலக்கடலையைப் பற்றியும் ஒரு வார்த்தை: பூஞ்சை படர்ந்த, சுருங்கிய, கசக்கும் பருப்புகளைச் சிக்கனம் கருதி வறுத்துச் சேர்த்துவிடாதீர்கள். அவற்றில் ஊறும் அஃப்ளடாக்ஸின் என்னும் நஞ்சு வறுப்பதனால் முற்றிலும் அழிவதில்லை. கல்லீரலைக் கெடுத்துப் புற்றுநோய்க்கும் காரணமாகிறது.

புகையும் கொசுவும்

ஆகாரம் எவ்வளவு சுத்தமாயிருந்தாலும், அதைச் சமைக்கும் இடத்தின் காற்று கெட்டிருந்தால் பிரயோஜனமில்லை. விறகும் வறட்டியும் எரியும் அடுப்பின் முன்னால் பல வருஷங்கள் அமர்ந்திருந்த ஸ்திரீகளுக்கு, ஒரு பீடியைக்கூடத் தொடாமலே, புகைபிடிப்போருக்கு வரும் நுரையீரல் நோய் வருகிறது. சமையல்வாயு வந்துவிட்ட வீடுகளிலும், தாளிக்கும்போதும் வறுக்கும்போதும் எழும் ஆவி வெளியேற ஒரு ஜன்னலாவது திறந்திருக்க வேண்டும். சாம்பிராணியையும் ஊதுவத்தியையும் அடைத்த அறையில் ஏற்றுவது குழந்தைகளுக்கும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் கெடுதி.

கொசுவர்த்திச் சுருளோ அதனினும் கொடியது. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகள்கள், 75 சிகரெட்டுகளுக்குக் குறையாத அளவுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆராய்ச்சியொன்று கணக்கிட்டிருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு இரவெல்லாம் அதை எரித்துவிட்டு, கொசுவுக்குத் தப்பினோம் என்று மகிழ்வதில் என்ன பயன்? கொசுவலையும், ஜன்னலுக்குக் கம்பிவலையும், அவற்றைவிட முக்கியமாகக் கொசு பிறக்கும் இடத்தை ஒழிப்பதுமே சரியான பரிகாரம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் பிறப்பதில்லை. நம் வீட்டின் நல்ல தண்ணீரிலேதான் பிறக்கிறது, பகலிலேதான் கடிக்கிறது. பூச்சாடியின் அடித்தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, முற்றத்தில் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழி, கொட்டாங்கச்சி, பழைய டயர், மூடி சரியாகப் பொருந்தாத மாடித் தொட்டி என எங்கே சிறிது நீர் தேங்கினாலும் அதற்குப் போதும். சென்னை போன்ற நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் கொசுவகையும் கிணற்றையும் மாடித் தொட்டியையும் நாடுவதே. முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரமோ பத்து நாளோ ஆகிறதாகையால், வாரத்தில் ஒருநாளைக் குறித்துக்கொண்டு எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டினால் அந்தச் சந்ததியே அற்றுப்போகும். கொட்டுவது மட்டும் போதாது. ஏடிஸின் முட்டைகள் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்; உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

தண்ணீரும் கையும்

குடிநீரைக் கொதி வந்தபின் ஒரு நிமிஷமாவது தளதளவென்று கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்து, நீண்ட காம்புள்ள அகப்பையால் மொண்டு ஊற்ற வேண்டும். குடத்துக்குள் கைவிட்டு மொண்டால் கொதிக்க வைத்த சிரமம் வீண். மலஜலம் கழித்த பின்னும், குழந்தைக்குக் கால் கழுவிய பின்னும், சமைக்கு முன்னும், உண்ணு முன்னும் சோப்பிட்டு 20 விநாடிகள் கை கழுவுவது, வயிற்றுப்போக்கைத் தடுக்கும் வழிகளில் மலிவானதும் பலமானதுமாகும். வெந்த சோற்றையும் குழம்பையும் வெயில் காலத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்திருக்கக்கூடாது.

கடைசியில் உண்பவள்

மேலே சொன்ன அத்தனையையும் செய்து முடிப்பவள் பெரும்பாலும் ஒரே ஒருத்திதான். அவளோ, கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் மாமனார் மாமியாருக்கும் பரிமாறி முடித்து, சட்டியின் அடியில் எஞ்சியதைத் தன் பங்காகக் கொள்கிறாள். கீரையும் முட்டையும் மீனும் அதற்குள் தீர்ந்துபோயிருக்கும்; சோறும் இரசமும் மிஞ்சியிருக்கும். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகையுள்ளவர்கள். மாதவிடாயும் பிரசவமும் இதற்குக் காரணங்கள் என்பது மெய்யே. ஆனால் கடைசியில் உண்ணும் வழக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பதே என் திடமான அபிப்பிராயம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும், எந்நேரமும் சோர்ந்திருப்பதும், உள்ளிமையும் நகமும் வெளுத்திருப்பதும் பெண்களின் சுபாவம் அல்ல, வியாதி. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்து, மருத்துவர் சொல்லும் காலம்வரை இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாமல் உட்கொள்ளச் செய்ய வேண்டும்.

ஆகையால் இதை வாசிக்கும் ஆண்மக்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. இன்றிரவு சாப்பாட்டுக்கு அமரும்போது, பரிமாறும் வேலையில் நீங்களும் பங்கெடுத்துக்கொண்டு, கீரையிலும் பருப்பிலும் முட்டையிலும் வீட்டுப் பெண்களின் பங்கை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு, எல்லோரும் ஒரே வரிசையில், ஒரே நேரத்தில் உட்கார்ந்து உண்ணுங்கள்.