டாப்சிலிப் ட்ரெக்கிங்: கூட வர்ற கைடு யார்? நீங்க கட்டுற பணம் யாருக்கு?

பொள்ளாச்சியில் இருந்து சேத்துமடை செக்போஸ்ட்டைத் தாண்டி மலை ஏறினால் டாப்சிலிப். ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் இந்த இடத்தில் காட்டுக்குள் நடக்க வேண்டும் என்றால் கைடு கட்டாயம். "மொபைல்ல மேப் இருக்கே, எதுக்கு கைடு?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

அவர்களுக்கான பதில் பக்கத்தில் இருக்கும் கரியன் சோலையில் கிடைக்கும். இது பசுமை மாறா மழைக்காடு. நட்ட நடுப் பகலிலேயே அரை இருட்டு. நாலு எட்டு தள்ளி என்ன நிற்கிறது என்பது தெரியாது. சாணத்தில் சூடு இருக்கிறதா, ஒடிந்த கிளையில் ஈரம் இருக்கிறதா, மந்தி எதைப் பார்த்துக் கத்துகிறது என்பதை வைத்துத்தான் யானை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிக்க வேண்டும். எந்த மேப்பும் இதைச் சொல்லாது.

கைடு எந்த ஊர்க்காரர்?

இந்தப் பகுதியில் காட்டை வழிகாட்டுபவர்கள் பெரும்பாலும் காடர், மலசர், மலைமலசர் பழங்குடியினர். எருமைப்பாறை, கோழிகமுத்தி போன்ற குடியிருப்புகள் காட்டுக்குள்ளேயே இருக்கின்றன. கோழிகமுத்தி யானைகள் முகாமில் பாகன்களாக இருப்பவர்கள் மலசர்கள். மேலே வெட்டிய தேக்கு மரங்களைச் சரிவில் கீழே தள்ளிவிட்டதால்தான் 'டாப்சிலிப்' என்ற பெயரே வந்தது. பிரிட்டிஷ் காலத்து அந்த மர வேலையும் இந்த மக்களின் உழைப்பில் நடந்ததுதான்.

காடர்கள் தேன் எடுப்பதில் கெட்டிக்காரர்கள். மரம் ஏறித் தேன் எடுப்பவருக்கு எந்தப் பொந்தில் இருவாச்சி கூடு வைக்கும் என்பதும் தெரியும். பெண் இருவாச்சி பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். சின்ன இடுக்கு வழியாக ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து ஊட்டும். ஆண் செத்தால் உள்ளே இருக்கும் குஞ்சுகளின் கதி அவ்வளவுதான். ஆனைமலையை ஒட்டிய கேரளாவின் வாழச்சால் காட்டில் காடர்களையே கூட்டுக் காவலர்களாக வைத்து இந்தப் பறவையைக் காப்பாற்றி வருகிறார்கள்.

கட்டுப்பாடு எப்போது இறுகியது?

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ. மலையேறப் போனவர்களில் 23 பேர் உயிரிழந்தார்கள். சிக்கியவர்களில் ஈரோடு, திருப்பூரில் இருந்து போனவர்களும் உண்டு. அதனால் கொங்கு பக்கம் இந்தச் செய்தி வேறு மாதிரி வலித்தது. அதன் பிறகுதான் அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளைக் கொண்டுவந்தது.

2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 40 பாதைகளோடு தொடங்கியது. டாப்சிலிப் - பண்டாரவரை பாதை அதில் ஒன்று. ஆன்லைனில் முன்பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி என்று எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. நடத்துவது வனத்துறையின் தமிழ்நாடு வன அனுபவக் கழகம்.

அப்போ இது 'மக்களே நடத்தும்' சுற்றுலாவா?

முழுசாக இல்லை. பழங்குடி இளைஞருக்கு வேலை கிடைக்கிறது, அது நல்ல விஷயம். ஆனால் கட்டணம் எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை பேர் போகலாம் என்பதை முடிவு செய்வது கழகம். வேலைக்கு வைப்பதும் நிர்வாகத்தில் பங்கு கொடுப்பதும் ஒன்று இல்லை.

கோவை மாவட்டத்திலேயே இன்னொரு மாதிரி இருக்கிறது. காரமடை வனச்சரகத்தில், பில்லூர் அணையின் நீர்ப்பிடிப்பு ஓரம் இருக்கும் பரளிக்காடு. இது மழைக்காடு இல்லை, ஆனால் வேலை நடக்கும் விதம் கவனிக்க வேண்டியது. வனத்துறையும் ஊர் மக்களின் குழுவும் சேர்ந்து நடத்துகிறார்கள். பரிசல் ஓட்டுவது இருளர் பழங்குடி ஆண்கள். மதிய சாப்பாடு சமைப்பது அந்த ஊர்ப் பெண்கள். களி உருண்டையும் நாட்டுக்கோழிக் குழம்பும் அங்கே ரொம்பப் பிரபலம். சாப்பாடு முடிந்ததும் ஒரு நடை, ஆற்றில் ஒரு குளியல். வழிகாட்டி, சமையல், பரிசல் என மூன்று வேலைகள் இருப்பதால் பணம் ஒரே ஆளிடம் நிற்காமல் பல வீடுகளுக்குப் போகிறது. டாப்சிலிப் ட்ரெக்கில் கைடு வேலைதான் முக்கிய வருமானம். கைடாகாத வீட்டுக்கு என்ன?

கேரளாவின் பெரியாறு காப்பகம் இதில் முன்னோடி. அங்கே காட்டுக்குள் திருட்டுத்தனமாக வயணா பட்டை உரித்து விற்றவர்களையே 1990-களின் கடைசியில் குழுவாகச் சேர்த்து வழிகாட்டிகளாக மாற்றினார்கள். திருட்டுப் பாதை எல்லாம் அத்துப்படி என்பதால் ரோந்துக்கும் அவர்கள்தான் முன்னே போனார்கள்.

சிக்கல் எங்கே இருக்கு?

இந்த வருமானம் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம். 2012 ஜூலையில் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவுக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அக்டோபரில்தான், புதிய வழிகாட்டு நெறிமுறைகளோடு, விலக்கியது. தடை இல்லாத வருஷத்திலும் கோடையில் தீ அபாயம் வந்தால் பாதைகள் மூடப்படும். அது சரியான முடிவு, குரங்கணிக்குப் பிறகு யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் அந்த மாதங்களில் ட்ரெக் கூலியும் கிடையாது. தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, காவல் பார்ப்பது போன்ற வேலைகளை அதே கைடுகளுக்குத் தந்தால் இடைவெளி அடையும்.

போறதுக்கு முன்னாடி

டாப்சிலிப் பாதைக்கு ட்ரெக் தமிழ்நாடு இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். பரளிக்காட்டுக்கு கோவை வனத்துறையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், நேராகப் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மழைக்காலத்தில் அட்டை கடிக்கும், முழங்கால் வரை சாக்ஸ் அவசியம். சென்ட், சத்தம், பளிச்சென்ற உடை மூன்றும் வேண்டாம். கைடு கையை உயர்த்தினால் அப்படியே நில்லுங்கள். ஏன் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.