கறவைப் பசுக்களின் சினைப்பைக் கழலை

கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. அப்பகுதியிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் ஓரிரு கலப்பினப் பசுக்களை நம்பி வாழும் குடும்பங்கள் உள. அத்தகைய வீட்டில் ஒரு பசு சினை பிடியாமற் போவது சிறு நட்டமன்று. தீனிக் குறைவு, கருப்பை அழற்சி, கருவூட்டும் வேளை தவறுதல் ஆகியவையே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும். கழலை அரிது, அரிதாயிருப்பதனாலேயே அது காலங்கடந்து கண்டறியப்படுகின்றது.

பசுவின் சினைப்பையில் தோன்றும் கழலைகளுள் மிகுதியாகக் காணப்படுவது கிரானுலோசா உயிரணுக் கழலையாகும். முட்டையைச் சூழ்ந்து நின்று ஹார்மோன்களைச் சுரக்கும் உயிரணுக்களே இங்கு வரம்பின்றிப் பெருகுகின்றன. ஆதலின் நோய்க்குறி முதலில் பசுவின் நடத்தையில் வெளிப்படும். சில பசுக்கள் ஓயாது பருவக்குறி காட்டும்; சில அறவே காட்டா; சில காளையைப் போலக் கழுத்துத் தடித்து, மண்ணைக் குளம்பாற் கிளறிப் பிற பசுக்கள் மீது தாவும். கன்று ஈனாத கிடேரிக்கும் மடி பருப்பதுண்டு.

இக்குறிகளுட் பல சினைப்பை நீர்க்கட்டியிலும் தோன்றுவதால் மயக்கம் நேருகின்றது. நீர்க்கட்டி மெல்லிய சுவருடையது. ஹார்மோன் மருந்துக்குப் பெரும்பாலும் இணங்கும். கழலையோ மருந்துக்கு அடங்காது மேன்மேலும் வளரும். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே தோன்றும். மறு சினைப்பை சுருங்கிச் செயலற்றிருக்கும். ஆகவே ஒருமுறை கையிட்டுப் பார்த்து முடிவு கட்டுதல் தகாது. சில வாரங்கள் கழித்து மீண்டும் பார்த்து, இரு சினைப்பைகளின் அளவையும் குறித்து வைத்தல் வேண்டும். வளர்ச்சி தெரியுமாயின், ஊசிமேல் ஊசி போடுவது உடையவரின் பணத்தை வீணாக்குவதேயாம். நோய் பரவாத நிலையில் அச்சினைப்பையை அறுவையால் நீக்கினால், மற்றது சில மாதங்களில் செயற்பட்டுப் பசு மீண்டும் சினையாகக்கூடும்.

கருப்பையைத் தாக்கும் நிணநீர்ப் புற்று வேறு வகை. மாட்டு லுகோசிஸ் வைரஸால் அது உண்டாகலாம். இவ்வைரஸ் இரத்தத்தின் வழியே பரவுவதால், ஒரே ஊசியையும் ஒரே கையுறையையும் பல மாடுகளுக்குப் பயன்படுத்தலாகாது.

சுரங்கக் கழிவாகிய சயனைடு மேடுகளே கழலைக்குக் காரணமோ என்று ஐயுறுவோர் இருக்கலாம். சயனைடு விரைந்து கொல்லும் நஞ்சு. புற்றை விளைவிப்பதாக அறியப்பட்டதன்று. எனினும் அம்மேடுகளில் மேய்ச்சலுக்கு விடுதல் நன்றன்று.

நீக்கிய கழலையின் ஒரு துண்டைப் பத்து மடங்கு அளவுள்ள 10 சதவீத ஃபார்மலின் கரைசலில் இட்டு, பசுவின் வயது, ஈற்று எண்ணிக்கை ஆகிய விவரங்களுடன் பெங்களூர் ஹெப்பாளிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற நிலையத்துக்கு அனுப்புதல் வேண்டும். துண்டின் கனம் ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது. மேற்படின் கரைசல் உட்புகுமுன் நடுப்பகுதி அழுகிவிடும்.