பாட்டிக்குத் தெரிந்த எக்செல்

சுங்கை பஞ்சாங்கில் ஒரு சனிக்கிழமை காலை. கோயில் மண்டபத்தில் நான்கு மடிக்கணினிகள், பதினோரு பிள்ளைகள். திரையில் வெறும் கட்டங்கள்.

"இதற்குப் பெயர் விரிதாள். மலாயில் ஹம்பாரான். வேலை இடத்தில் எல்லாரும் எக்செல் என்பார்கள்" என்று தொடங்கினேன். பிள்ளைகளின் முகத்தில் சலனமே இல்லை. பேரனைக் கூட்டிக்கொண்டு வந்து பின்னால் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் எழுந்து வந்து, கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார்.

"ஏம்மா டீச்சர், இது செக்ரோல்தானே?"

எனக்கு ஒரு கணம் பேச்சு வரவில்லை. செக்ரோல்தான்! இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஆள்களின் பெயர். மேலே இடமிருந்து வலமாக ஒன்றாம் தேதியிலிருந்து முப்பத்தொன்று வரை. ஒவ்வொரு கட்டத்திலும் அன்றைய வேலை. கடைசிக் கட்டத்தில் மொத்தம். காலையில் பெரட்டுக் களத்தில் கிராணி கையில் வைத்திருந்த அந்தப் பெரிய புத்தகம்தான் இப்போது கணினிக்குள் இருக்கிறது.

"அந்தப் புத்தகத்துல கிராணி பேரு போட்டாத்தான் சம்பளம். என்ன எழுதினாருன்னு நாங்க யாரும் பார்த்ததில்ல" என்று சொல்லிவிட்டுப் பாட்டி போய் உட்கார்ந்துவிட்டார். நான் தயாரித்து வைத்திருந்த பாடத்தை மூடி வைத்தேன். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் முதல் பாடம் செக்ரோல்தான்.

பதிலைத் தட்டச்சு செய்தவள்

நான் கிள்ளானில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வார இறுதியில் வீட்டுக்கு வரும்போது இந்த வகுப்பு. பெரிய நிபுணி என்று நினைத்துவிட வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், நான் மேசைமீது கால்குலேட்டரை வைத்துக் கூட்டி, விடையை எக்செல் கட்டத்தில் தட்டச்சு செய்தவள். ஒரு எண் மாறியதும் எல்லாவற்றையும் மறுபடி கூட்டினேன். பக்கத்து மேசையிலிருந்த மூத்த சீன அக்காள் பார்த்துச் சிரித்துவிட்டு, மதிய உணவு நேரத்தில் சொல்லிக் கொடுத்தார்.

உண்மையில் விரிதாள் என்ற மென்பொருள் பிறந்ததே இந்தத் தொல்லையால்தான். அதுவும் ஒரு வகுப்பறையில். 1978-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் டான் பிரிக்ளின் என்ற மாணவர் உட்கார்ந்திருந்தார். கரும்பலகையில் ஆசிரியர் ஒரு கணக்குப் பட்டியலைப் போட்டிருந்தார். அதில் ஒரு எண்ணை மாற்றினால், அதைச் சார்ந்த எல்லா எண்களையும் அழித்துத் திரும்ப எழுத வேண்டும். தானாக மாறிக்கொள்ளும் பலகை ஒன்று இருந்தால் என்ன என்று பிரிக்ளினுக்குத் தோன்றியது. பாப் ஃபிராங்ஸ்டனுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய விசிகால்க் 1979-இல் ஆப்பிள் 2 கணினியில் வெளிவந்தது. 1983-இல் லோட்டஸ் 1-2-3, 1985-இல் எக்செல் என்று அந்தக் குடும்பம் வளர்ந்தது.

ஆகவே பிள்ளைகளுக்கு நான் சொல்லும் முதல் விதி இதுதான்: கட்டத்துக்குள் விடையை எழுதாதே, வழியை எழுது. சமன் குறி போட்டு, 'பி2-ஐயும் சி2-ஐயும் கூட்டு' என்று எழுதினால், நாளைக்கு பி2 மாறினாலும் விடை தானாக மாறும்.

இரண்டாவது விதி, டாலர் குறி. ஒரு சூத்திரத்தைக் கீழே இழுத்தால், அதிலுள்ள கட்ட எண்களும் கூடவே இறங்கும். மணிச் சம்பளம் ஒரே ஒரு கட்டத்தில் இருந்தால், இறங்கிய சூத்திரம் அதற்குக் கீழேயுள்ள காலிக் கட்டத்தைப் பார்த்து, சுழியம் என்று காட்டும். "மாட்டை முளையில கட்டுற மாதிரி, டாலர் குறி போட்டு அந்தக் கட்டத்தைக் கட்டிடு" என்றேன். முளையைப் பார்த்தே இராத பிள்ளைகளுக்கும் அது புரிந்துவிட்டது.

சம்பளச் சீட்டு வகுப்புக்கு வந்தது

மூன்றாவது வாரம் வீட்டுப்பாடமாக, "வீட்டில் யாருடைய சம்பளச் சீட்டையாவது கேட்டு வாங்கி, நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்" என்றேன். அதற்கு வேண்டிய விவரங்களைப் பலகையில் எழுதினேன்.

2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட் ஆனது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம்: 65.38 ரிங்கிட். நாளுக்கு 8 மணி நேர வேலை என்றால், அதை 8-ஆல் வகுக்க மணிச் சம்பளம்: 8.17. சாதாரண வேலை நாளில் ஓவர்டைமுக்கு இதைப் போல் ஒன்றரை மடங்காவது தர வேண்டும்: 12.26. திரையில் இரண்டு தசம எண் மட்டும் தெரிந்தாலும், உள்ளே முழு எண்ணையும் வைத்துத்தான் கணினி பெருக்கும். கையால் போடும் கணக்கோடு ஓரிரு காசு வித்தியாசம் வருவது அதனால்தான்.

இ.பி.எஃப். பிடித்தம் 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட். முதலாளி தன் பங்காக 13 விழுக்காடு, 221 ரிங்கிட் போட வேண்டும். பிள்ளைகள் இங்கே ஒரு தவறு செய்வார்கள். ஓவர்டைமையும் சேர்த்து 11 விழுக்காடு கணக்கிடுவார்கள். ஓவர்டைம் பணத்துக்கு இ.பி.எஃப். கிடையாது. ஆனால் சொக்சோவுக்கு அது சேரும்.

அடுத்த சனிக்கிழமை இரண்டாம் படிவ மாணவி ஒருத்தி, தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்த அக்காள் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். முகம் சிவந்திருந்தது.

"டீச்சர், என் மக கணக்குப் பார்த்துட்டா. ஓவர்டைம்ல மட்டும் முந்நூத்து அறுபது வெள்ளி ஏமாத்தியிருக்காங்க. திங்கக்கிழமை ஆபீஸ்ல போயி கேக்கப் போறேன்."

மகளின் விரிதாளைத் திறந்தேன். ஓவர்டைம் 44 மணி நேரம், 539.42 ரிங்கிட். சம்பளச் சீட்டிலோ 22 மணி நேரம், 179.81 ரிங்கிட். அக்காள் சொன்ன வித்தியாசம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் 44 என்பது 22-இன் இரு மடங்காக இருந்தது என்னை உறுத்தியது.

"அம்மா டைரியில குறிச்சு வச்சதைக் கையால கூட்டுமா" என்றேன். கூட்டினாள். 22 வந்தது. பிறகு அவளே கண்டுபிடித்தாள். ஒவ்வொரு வாரமும் முடிந்ததும் அழகாக 'வார மொத்தம்' என்று ஒரு வரி போட்டிருந்தாள். கடைசியில் கூட்டும்போது மேலிருந்து கீழ்வரை முழுவதையும் இழுத்துக் கூட்டிவிட்டாள். நாள் கணக்கும் சேர்ந்தது, வாரக் கணக்கும் சேர்ந்தது. எல்லாம் இரண்டு முறை.

அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. எனக்கும் வயிற்றைப் பிசைந்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அக்காள் அலுவலகம் போயிருந்தால், நான் கற்றுக்கொடுத்த பாடமே அவரைத் தலைகுனிய வைத்திருக்கும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 22 என்று திருத்தியதும் விரிதாள் 269.71 ரிங்கிட் என்று காட்டியது. சீட்டில் 179.81. இன்னும் 89.90 ரிங்கிட் குறைகிறதே! கூர்ந்து பார்த்தோம். 22 மணி நேரத்தை 12.26-ஆல் பெருக்காமல், வெறும் மணிச் சம்பளத்தால் பெருக்கியிருந்தார்கள். ஒன்றரை மடங்கு விடுபட்டிருந்தது.

அக்காள் திங்கட்கிழமை போனார். சண்டை போடவில்லை. டைரியையும், ஒரு பக்கக் கணக்கையும் மேசைமேல் வைத்தார். அடுத்த மாதச் சம்பளத்தில் பாக்கித் தொகை வந்து சேர்ந்தது. ஒரு குடும்பத்துக்கு அந்த 89 வெள்ளி 90 காசு என்ன என்பது நம் எல்லாருக்கும் தெரியும்.

பேராசிரியர்களும் தவறுவார்கள்

தலைகுனிந்த மாணவிக்கு ஓர் உண்மைச் சம்பவத்தைச் சொன்னேன். 2010-இல் பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும், நாடுகளின் கடனையும் வளர்ச்சியையும் பற்றி ஒரு புகழ்பெற்ற ஆய்வை வெளியிட்டார்கள். பல நாட்டு அரசியல்வாதிகள் அதை மேற்கோள் காட்டினார்கள். 2013-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன், வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார். 20 நாடுகளின் சராசரியை எடுக்க வேண்டிய இடத்தில், எக்செல் சூத்திரம் 15 நாடுகளோடு நின்றிருந்தது. அந்த ஆய்வில் அவர் காட்டிய குறைகளுள் அதுவும் ஒன்று. அந்தத் தவறை ஆய்வாளர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

அவர்கள் ஐந்து வரியை விட்டார்கள், நீ நான்கு வரியைக் கூடச் சேர்த்தாய், அவ்வளவுதான் என்றேன். அப்போதுதான் சிரித்தாள்.

நம் கையில் ஒரு செக்ரோல்

நம் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தெனாமாரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியே உருவாக்கினார். தோட்டத்தின் பெயரே நம் தென்னைமரம். அன்று முதல் நூறு ஆண்டுகளுக்கு மேலாக, நம்மவர் உழைப்பை வேறொருவர் கட்டம் போட்டு எழுதினார். இன்று அந்தக் கட்டம் நம் பிள்ளைகளின் கைப்பேசியிலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இன்றிரவு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, நான்கு நெடுவரிசை போடச் சொல்லுங்கள்: தேதி, வேலை நேரம், ஓவர்டைம், குறிப்பு. மணி நேரக் கட்டத்தில் எண்ணை மட்டும் எழுதுங்கள். '2 மணி' என்று எழுதினால் கணினி அதை எழுத்தாக எண்ணிக் கூட்டலில் விட்டுவிடும். இடையில் மொத்தம் போடாதீர்கள். வந்த விடையை ஒருமுறையாவது கையால் சரிபாருங்கள். இ.பி.எஃப். செயலியைத் திறந்து முதலாளியின் பங்கு வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு மாதச் சந்தாவை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும்.

பாட்டி இப்போதும் சனிக்கிழமை தவறாமல் வருகிறார். கணினியைத் தொடுவதில்லை. ஆனால் எந்தப் பிள்ளையாவது "முடிஞ்சிருச்சு டீச்சர்" என்று கை தூக்கினால், பின்னாலிருந்து முதலில் வரும் குரல் அவருடையதுதான்.

"கையால கூட்டிப் பார்த்தியா?"