பனியூழியும் மழைக்காற்றும்

பனியூழி என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன், நிலவுலகம் முழுவதும் ஒரே வெண்பனியால் மூடுண்டு கிடந்ததாக நம்மிற் பலர் எண்ணுகிறோம். உண்மை அஃதன்று. 1837-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் லூயி அகாசி, பண்டைக்காலத்தில் ஐரோப்பாவின் பெரும்பகுதியைப் பனிப்பாளம் மூடியிருந்தது என்று எடுத்துரைத்தார். அதன்பின் நிலநூல் வல்லார் செய்த ஆராய்ச்சிகளால், பனி எங்கே படர்ந்தது, எங்கே படரவில்லை என்பது பெரும்பாலும் தெளிவாகியுள்ளது.

கடைசிப் பனியூழி உச்சநிலை எய்தியது இற்றைக்கு ஏறத்தாழ 26,000 முதல் 19,000 ஆண்டுகட்கு முன்னர். அக்காலத்திற் கனடா நாடு ஏறக்குறைய முழுவதும் பனியின் கீழ் அடங்கிற்று. அப்பாளத்தின் கனம் சிலவிடங்களில் 3 கிலோமீட்டர் அளவினது. கடல்நீர் பனியாகி நிலத்தின்மேல் தங்கியமையால், கடல்மட்டம் 120 மீட்டர் அளவிற்குத் தாழ்ந்தது. நம் நாட்டிற்கும் இலங்கைக்கும் இடையேயுள்ள ஆழமில்லாக் கடல் நிலமாயிற்று. ஆயினும், குளிரின் கொடுமையிற் சிறிதுங் குறையாத கிழக்குச் சைபீரியாவின் பரந்த சமவெளிகளிற் பனிப்பாளம் இல்லை. அங்கே புல் முளைத்தது. மாமத் என்னும் மயிரடர்ந்த யானைகள் மேய்ந்து திரிந்தன. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது?

பனிப்பாளத்தின் வாழ்வு ஒரு வரவுசெலவுக் கணக்கை ஒத்தது. பெய்யும் பனி வரவு. கோடையில் உருகுவது செலவு. செர்பிய நாட்டுக் கணித அறிஞர் மிலாங்கோவிச், பூமி ஞாயிற்றைச் சுற்றும் பாதையும் பூமியின் அச்சுச் சாய்வும் சிறிது சிறிதாக மாறுதலால் வடபுலத்துக் கோடைவெயில் குறையுங் காலங்களிற் பனியூழி தோன்றும் என்று கணித்தார். கோடை தணியுமாயின் செலவு சுருங்கும் என்பது இதன் கருத்து. ஆனால், செலவைச் சுருக்கிய மாத்திரத்தால் ஒருவன் செல்வனாகிவிடான், வரவும் வேண்டுமன்றோ? சென்னிமலையிற் போர்வை நெய்வோர் இதனை எளிதில் உணர்வர். தறி எத்துணை நன்றாயினும் நூல் வந்து சேராவிடின் போர்வை இல்லை. பனிப்போர்வைக்குக் குளிர் தறி. கடலினின்று காற்றுக் கொணரும் ஈரமே நூல்.

அந்நூல் எல்லா நாட்டிற்கும் ஒருபடித்தாய்ச் செல்வதில்லை. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலை செல்லவேண்டா. ஆனி ஆடித் திங்களில் மேல்காற்று வீசும்போது, மேற்குத் தொடர்ச்சி மலையின் மேல்புறத்து மலையாள நாடும், வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாறும் பெருமழையில் நனைகின்றன. மலையேறி ஈரத்தை இழந்த அக்காற்றே கொங்குநாட்டில் வறண்டு வீசுகின்றது. முகில்கள் சென்னிமலையின் மேலாக விரைந்தோடும், மண் நனையாது. ஈரோட்டு வட்டாரத்தின் ஆண்டுமழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டரே. நம் நாடு மலையின் மழைமறைவில் அமைந்த நாடு.

இங்கே மலை செய்யும் வேலையை, வடபுலத்திற் பனியே செய்தது. அட்லாண்டிக்குக் கடலின் ஈரக்காற்று முதலில் ஸ்காந்திநாவியாவை அடைந்து, அங்கே பனியைச் சொரிந்தது. அப்பனி குவிந்து குவிந்து தானே ஒரு மலைத்தொடர்போல் உயர்ந்து, கிழக்கே செல்லும் காற்றின் ஈரத்தைக் கவர்ந்துகொண்டது. ஏறத்தாழ 90,000 ஆண்டுகட்கு முன், காராக் கடலை அடுத்த வடசைபீரியக் கரைகளிற் பனிப்பாளம் இருந்தது. 20,000 ஆண்டுகட்கு முன், குளிர் மிக்கும் மேற்கே பாளம் பெருத்தும் இருந்த காலத்தில், அக்கரைகளின் பெரும்பகுதி பனியின்றிக் கிடந்தது. சைபீரியா அக்காலத்துக் கொங்குநாடு எனலாம்.

இமயத்தின் வரலாறும் இதனை வலியுறுத்தும். கோடையில் நிலம் கடலினும் மிகச் சூடேறுதலால் எழுவது தென்மேற்குப் பருவக்காற்று. அது கொணரும் மழையே இமயத்தின் உயர்ந்த முகடுகளிற் பனியாய் விழுகின்றது. பனியூழியின் உச்சத்தில் நிலத்தின் சூடு தணிந்தது, கடலும் குளிர்ந்து நீராவி குறைந்தது, காற்று மெலிந்தது. ஆதலால், பருவக்காற்றை நம்பிய இமயப் பள்ளத்தாக்குகள் பலவற்றில், உலகம் மிகக் குளிர்ந்த அந்நாளிற் பனியாறுகள் சிறிதளவே நீண்டன. அவற்றின் பெருநீட்சி அதற்கு முன்னரே, பருவக்காற்று வலுத்திருந்த காலத்தில் நிகழ்ந்தது. திபெத்துப் பீடபூமி முழுவதையும் ஒரே பாளம் மூடியதென ஜெர்மானிய அறிஞர் மத்தியாஸ் கூலே வாதித்தார். பனி இழுத்துவிட்ட பாறைகளின் வயதை அளந்த ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் அதனை ஏற்றிலர். மலையால் மறைப்புண்ட அவ்வுயர்நிலத்திற்குக் குளிர் இருந்தது, நூல் இல்லை.

பருவக்காற்று மெலிந்தமைக்கு நம் அண்டையிலேயே சான்றுண்டு. நீலகிரியின் சதுப்புப் பள்ளங்களிற் பல்லாயிரம் ஆண்டுகளாகச் செடிகொடிகள் மக்கிப் படிந்துள்ளன. வறட்சியைத் தாங்கும் புல்லும், ஈரத்தை விரும்பும் செடியும் தம் உடலிற் சேர்க்குங் கரியணுக்களின் எடைவிகிதம் வேறுவேறு. அப்படிவுகளை ஆராய்ந்த பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்து இரா. சுகுமாரும் அவருடன் உழைத்தோரும், பனியூழியின் உச்சத்தில் நீலகிரி இன்றினும் வறண்டிருந்தது என 1993-இல் வெளியிட்டனர். வடக்கே பனி உயர்ந்த நாளில் தெற்கே மழை தாழ்ந்தது.

இவ்வாராய்ச்சி பழங்கதையோடு முடிவதன்று. இன்று உலகம் வெம்மையுற்று வருகின்றது. இமயப் பனியாறுகளிற் பெரும்பாலன தேய்கின்றன; குளிர்காலத்து மேல்காற்றாற் பனிபெறும் காரகோரத்திலோ பல பனியாறுகள் பல்லாண்டுகள் பெரிதும் மாறாது நின்றன. உலகிற்கெல்லாம் பொதுவான ஒரு சூட்டளவு, ஒரு நாட்டின் தலைவிதியை முற்றுங் கூறிவிடாது என்பதே இதன் படிப்பினை. நீலகிரியிற் பிறந்து, பவானிசாகர் அணையில் தேங்கி, கீழ்பவானி வாய்க்கால் வழியே சென்னிமலைப் பக்கத்து வயல்களுக்கு வரும் நீர், அன்று மெலிந்த அதே காற்றின் கொடையாகும். கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த வள்ளுவர் இவ்வுண்மையின் அருமையை உணர்ந்தவர். ஆதலின், உலகம் எவ்வளவு சூடேறும் என்று வினவுவதோடு அமையாது, நம் மழைக்காற்று என்னாகும் என்று ஆராய்ந்தறிதலும் மாணவராகிய நம் கடன்.