வாடகை வீட்டில் ஒரு வாரம்: புறப்படுமுன் திருப்பூரிலேயே முடிக்க வேண்டியவை

1978-ஆம் ஆண்டில் வெரோனா என்னும் இத்தாலிய இறக்குமதியாளர் வெள்ளை டி-சர்ட்டுகள் வாங்கத் திருப்பூருக்கு வந்தார். நம் ஊரின் ஏற்றுமதி வரலாற்றைச் சொல்வோர் அவர் வருகையிலிருந்தே தொடங்குவர். அன்று அயல்நாட்டார் இங்கு வந்தனர். இன்று இங்கிருந்து குடும்பங்களே அங்குச் செல்கின்றன. தொழில் நிமித்தம் செல்லும் மகன் பெற்றோரையும் உடன் அழைத்துச் செல்கிறார். விடுதி அறைக்குப் பதிலாகச் சமையலறையோடு கூடிய வீடொன்றை நாள் வாடகைக்கு எடுக்கிறார். நீரிழிவு உள்ள தாய்க்குப் பழகிய உணவை வேளையோடு சமைத்துத் தரலாம் என்பது அவர் எண்ணம். அது நல்ல எண்ணமே.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. விடுதியில் நள்ளிரவிலும் வரவேற்பு மேசையில் உதவிக்கு ஒருவர் இருப்பார். வாடகை வீட்டிலோ வாசலிலுள்ள பெட்டியைத் திறந்து சாவியை எடுத்து உள்ளே நுழைந்த பின் நாமே நமக்குத் துணை. ஆகவே அங்குச் சென்று பார்த்துக்கொள்ளலாம் என்று விடும் ஒவ்வொன்றும் இடராகக்கூடும். இலண்டன் பயணம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதலில் இன்சுலின். நம் நாட்டில் குப்பிகளில் விற்கப்படும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் செறிவுடையது. அதற்குரிய ஊசிக்குழலின் மூடி சிவப்பு நிறத்தில் இருக்கும். இலண்டனில் பொதுவாகக் கிடைப்பது 100 யூனிட் செறிவுடையது. பெட்டி தொலைந்தோ குப்பி உடைந்தோ போனால், அங்குள்ள மருத்துவர் அந்த 100 யூனிட் மருந்தையே எழுதித் தருவார். அதைப் பழைய சிவப்பு மூடி ஊசிக்குழலில் 10 என்ற கோடு வரை எடுத்தால் உடலுக்குள் செல்வது 10 யூனிட் அன்று, 25 யூனிட். இரண்டரை மடங்கு மருந்து, அதுவும் உறங்கப் போகும் நேரத்தில் என்றால் விளைவை எண்ணிப் பாருங்கள். உங்கள் குப்பியில் உள்ள எண்ணை இன்றே பார்த்து, மருந்தின் வேதிப்பெயரோடும் அளவோடும் மருத்துவர் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். வேதிப்பெயரை எந்த நாட்டு மருந்தாளுநரும் அறிவார்.

இன்சுலினைக் கைப்பையிலேயே கொண்டு செல்லுங்கள். விமானத்தின் சரக்குப் பகுதியில் அது உறைந்துபோக வாய்ப்புண்டு. உறைந்து உருகிய இன்சுலின் பயன்படாது. வாடகை வீட்டின் குளிர்ப்பெட்டியிலும் உறைபனிப் பகுதியை ஒட்டி வைக்க வேண்டா. இலண்டன் நேரம் நமக்குக் கோடையில் நான்கரை மணியும் குளிர்காலத்தில் ஐந்தரை மணியும் பின்தங்கியது. அந்த நீண்ட நாளில் ஊசியை எப்பொழுது போடுவது என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அங்குள்ள மருத்துவமனை சர்க்கரை அளவை 8 என்று சொன்னால் அஞ்ச வேண்டா. அவர்கள் அளக்கும் அலகு வேறு. அதை 18-ஆல் பெருக்கினால் நம் கணக்கில் 144. ஆனால் 4-க்குக் கீழே என்றால் அது தாழ்சர்க்கரை. உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும்.

அடுத்தது கால்கள். 1940-இல் இலண்டன் மீது குண்டுகள் விழுந்தபோது, பதுங்கிடங்களில் சாய்வு நாற்காலிகளில் இரவைக் கழித்தோரிடையே நுரையீரலில் குருதிக்கட்டி அடைத்து நேர்ந்த சாவுகள் மிகுந்ததைக் கீத் சிம்சன் என்னும் மருத்துவர் கவனித்து எழுதினார். நாற்காலியின் விளிம்பு தொடையை அழுத்த, கால் அசையாது நெடுநேரம் இருந்ததே காரணம் என்று கருதப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியதே. நான்கு மணி நேரத்துக்கு மேல் அமர்ந்து பயணம் செய்தால் குருதிக்கட்டி உண்டாகும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்றது அது. விமானம் மட்டுமன்று, கார், பேருந்து, தொடர்வண்டிக்கும் இது பொருந்தும். கோயம்புத்தூரிலிருந்து சில நகரங்களுக்கே நேரடி விமானம் உள்ளமையால் நம்மவர் பலர் பாலக்காடு வழியே கொச்சிக்குக் காரில் செல்கின்றனர். கணக்கு அந்தக் காரிலேயே தொடங்கிவிடுகிறது. வழியில் இறங்கி நடவுங்கள். விமானத்தில் கணுக்கால்களை அடிக்கடி அசையுங்கள், தண்ணீர் அருந்துங்கள், தூக்க மாத்திரை வேண்டா. இறுக்கமான காலுறையும் ஆஸ்பிரினும் மருத்துவர் சொன்னால் மட்டுமே. அண்மையில் அறுவை செய்துகொண்டோரும், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரும், முன்பு கட்டி உண்டானோரும் பயணச்சீட்டு எடுக்குமுன்னரே எங்களிடம் வாருங்கள்.

வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது ஒளிப்படங்களைப் பார்த்து மயங்காமல், மின்தூக்கி உண்டா, எத்தனை படிகள் என்று உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். ஐரோப்பாவின் பழைய கட்டடங்கள் பலவற்றில் மின்தூக்கி இல்லை. இதய நோயாளருக்கு மூன்றாம் மாடி ஒவ்வொரு நாளும் ஒரு சோதனை. (சிங்கப்பூர் செல்வோருக்கு ஒரு சொல்: அங்குத் தனியார் குடியிருப்பை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டப்படி குற்றம். உரிமம் பெற்ற விடுதியே தக்கது.) வீட்டு முகவரியை அஞ்சல் குறியீட்டோடு தாளில் பெரிதாக எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். ஆங்கிலம் அறியாத தாயும் தொலைபேசியில் எழுத்தெழுத்தாகப் படித்துச் சொல்லும்படி அது இருக்கட்டும். அவசர எண் அங்கு 999. அவசரமல்லாத அறிவுரைக்கு 111.

அங்கு அவசரப் பிரிவில் பார்ப்பதற்குக் கட்டணமில்லை. உள்நோயாளராகச் சேர்த்துவிட்டால் பயணிகளிடம் பெருந்தொகை வாங்குவர். காப்பீட்டுப் படிவத்தில் நீரிழிவையும் இதய நோயையும் மறைத்தவர் அந்தத் தொகையைத் தாமே கட்ட நேரிடும்.

பயணம் முடிந்து சில வாரங்கள் சென்ற பின்னும் குருதிக்கட்டி தலைகாட்டலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே வாருங்கள்; திடீரென மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108-ஐ அழையுங்கள். எங்களிடம் முதலில் சொல்ல வேண்டியது, நீங்கள் எப்பொழுது ஊர் திரும்பினீர்கள் என்பது.