சொத்தை நகமும் செருப்புக்குப் போட்ட தடையும்

மேலூர், வாடிப்பட்டி பக்கம் நடவுக்குப் போகும் நம் பெண்களின் கால்களைப் பாருங்கள். பெருவிரல் நகம் மஞ்சளாகவோ பழுப்பாகவோ தடித்து, ஓரம் உதிர்ந்து, அடியில் மாவுபோலப் பொடி சேர்ந்திருக்கும். மதுரை மாநகரில் விடியும் முன்னே சாக்கடை அள்ளும் தூய்மைப் பணியாளர்களின் கால்களிலும் இதே நகத்தைப் பார்க்கிறோம். கேட்டால், “வயசானா வர்றதுதானே” என்று சேலையை இழுத்துக் காலை மூடிக்கொள்கிறார்கள். பார்க்கிறவர்களோ சுத்தமில்லாத சனம் என்று முகம் சுளிக்கிறார்கள். இரண்டு பேச்சும் தவறு.

இது பூஞ்சைத் தொற்று. ஈரமும் வெப்பமும் நீடிக்கிற இடத்தில் வளரும். பெரும்பாலும் விரலிடுக்கில் சேற்றுப்புண்ணாகத் தொடங்கி நகத்துக்கு ஏறும். நகத்தைச் சுற்றி வீங்கித் தெறிக்கும் நகச்சுத்தி வேறு; அதற்கு எலுமிச்சம்பழம் செருகுவதுபோல இதற்குச் செய்து பயனில்லை. மருதாணி நிறத்தை மறைக்கும், அவ்வளவுதான்.

நாள் முழுக்க ஈரத்தில் நிற்கும் வேலை யார் தலையில் கட்டப்பட்டது என்பது நமக்குத் தெரியும். 1930 டிசம்பரில் பக்கத்து ராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தனர். எட்டாவது: ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. ஹட்டன் என்ற ஆங்கிலேயர் சாதி பற்றிய தம் நூலில் இதைப் பதிந்திருக்கிறார். பொது இடத்தில் செருப்பு அணிவதைத் தடுப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வெளிப்படையாக எழுத 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் வரை ஆனது.

செருப்பில்லாததால்தான் பூஞ்சை வருகிறது என்று சொல்ல வரவில்லை. காலைக் காயவிடாத மூடிய பூட்ஸ் இன்னும் மோசம். 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பை அள்ளுவோருக்குத் தகுந்த காலணி தரச் சொல்லின. ‘தகுந்த’ என்பதுதான் இங்கே முக்கியம். அளவு பார்க்காமல் ஒரே ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் கொடுத்தால், உள்ளே புகுந்த சாக்கடைத் தண்ணீர் மறுநாளும் காயாது. ஒன்றைப் போட்டிருக்கும்போது மற்றொன்று வெயிலில் காய, இரண்டு ஜோடி வேண்டும். ஒருவர் பூட்ஸை இன்னொருவர் மாட்டக் கூடாது. நடவில் பூட்ஸ் போட வழியில்லை, சேறு பிடித்து இழுக்கும். வயலில் இறங்குமுன் விரலிடுக்கில் தேங்காய் எண்ணெய் பூசலாம். கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, இடுக்குகளைத் துணியால் ஒற்றித் துடைக்க வேண்டும். நகவெட்டி ஆளுக்கொன்று இருக்கட்டும்.

வந்துவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி க்ரீம் வாங்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்த க்ரீம் அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையைப் பரப்பும். தடித்த நகத்துக்குள் வெறும் களிம்பு இறங்குவதும் கடினம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில், நம் ஊர்ப் பேச்சில் பெரியாஸ்பத்திரியில், தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. தடித்த நகமெல்லாம் பூஞ்சையல்ல; அடிபட்டாலும் சொரியாசிஸ் இருந்தாலும் அப்படித் தெரியும். அதனால் நகத்தைச் சுரண்டி எடுத்துப் பரிசோதிக்கிறார்கள். பூஞ்சைதான் என்றால் டெர்பினாஃபின் மாத்திரையைக் கால் நகத்துக்கு வழக்கமாக 12 வாரம் தருவார்கள். ஈரலைப் பாதிக்கலாம் என்பதால் ரத்தப் பரிசோதனை கேட்பார்கள். மதுப் பழக்கமோ மஞ்சள் காமாலையோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான் வளரும். பழைய நகம் முழுதாக மாற ஓராண்டு, ஒன்றரை ஆண்டுகூட ஆகும். “ஒரு மாசம் தின்னேன், ஒண்ணும் கேக்கல” என்று பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அலட்சியமாக இருக்கவே கூடாது. நகத்தோர வெடிப்பில் கிருமி நுழைந்து புண்ணாகி, விரலை எடுக்கும் நிலைவரை போகும்.

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. அக்டோபர் 2 கிராம சபைக்கு, உங்கள் ஊர்த் தூய்மைக் காவலர்களின் கால் அளவை எழுதி, ஆளுக்கு இரண்டு ஜோடி பூட்ஸ் கேட்டு மனு தயார் செய்யுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறும்வரை எழுந்து வராதீர்கள்.