பிடித்த மீனை விடும் கடற்கரை

மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தின் தென்முனையில் இருக்கிறது கபோ சான் லூக்காஸ். வட அமெரிக்காவின் பெரும்பகுதி பனியில் நடுங்கும் மாதங்களில் இங்கே இதமான வெயில். தூண்டில் பிரியர்களுக்குக் கொண்டாட்டம்!

குளிர்காலத்தின் நாயகன் உடலில் நீலக் கோடுகள் கொண்ட வரி மார்லின். இரைமீன் கூட்டங்களைத் துரத்திவந்து, பசிபிக் பக்கமுள்ள கடலடி மேடுகளின் மேல் கூடும். விடியற்காலையில் துறைமுகத்திலேயே உயிருள்ள இரைமீன் வாங்கிக்கொண்டு படகுகள் கிளம்பும். வாடைக்காற்று வலுத்தாலோ பசிபிக் அலை சீறும். அன்று கரையோரமே கதி. நம் தெங்கிரிக்கு உறவான சியரா மீனைத் தேடுவார்கள்.

மெக்சிகோ சட்டப்படி, கரையிலிருந்து 50 கடல் மைல் வரை மார்லின் பொழுதுபோக்குத் தூண்டிலுக்கு மட்டுமே, வலைத்தொழிலுக்கு அல்ல. ஒருவர் நாளுக்கு ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம். அதையும் பலர் விட்டுவிடுகிறார்கள்.

விடுவதிலும் பக்குவம் உண்டு. வட்ட முள் பெரும்பாலும் வாயோரத்தில்தான் மாட்டும், வயிற்றைக் கிழிக்காது. களைத்த மீனை நீரிலேயே பிடித்தபடி படகை மெல்ல நகர்த்தினால், செவுளில் நீர் பாய்ந்து தெம்பு திரும்பும். படம் எடுக்கப் படகுக்குள் தூக்கும் ஆசைதான் அதற்கு எமன்.

அடுத்த குளிர்காலத்துக்கும் மீன் வேண்டுமே!